ஐந்து பாகம்

துறைமுகத்தில் கிளம்பும்போதே ஏழே முக்கால்.
எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு
சக்கரமில்லாத வண்டிக்கு இதை எங்கே வைப்பது
என்று நின்றாள் கோமளா அண்ணி.
சுக்கானுக்குக் கீழே வைத்தோம்.
நசுங்கவில்லை. உருண்டுபோய்
டீசல் வாடைக்குள் எங்கோ ஒளிந்துகொண்டது.

படகு இருபத்தாறு அடி.
பாதிதான் எங்களுடையது,
மீதி குணசீலனின் ஆபீஸ் நண்பருக்கு.
எந்தப் பாதி என்று கேட்டான் துருவ்.
முன்பாதி என்றேன்.
அப்போ இன்ஜின் நம்மளுது இல்லையா?

பாய் ஏறியதும் இன்ஜினை அணைத்தார்.
பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன்,
ஒருநாளும் கேட்டிராத ஒன்று கேட்டது:
சென்னை இல்லாத சத்தம்.

கலங்கரை விளக்கம். சாந்தோம் கோபுரம். உடைந்த பாலம்.
பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்க்கும் இடங்கள்
ஒரு வரியில் நின்று எங்களைப் பார்த்தன.
திருவான்மியூரில் எங்கள் மாடித் தண்ணீர்த்தொட்டியை
பைனாகுலரில் கண்டுபிடித்துவிட்டாள் நித்திலா.
"அம்மா, நிரம்பி வழியுது."
பொய்யாகவும் இருக்கலாம்.
இருந்தாலும் நடுக்கடலிலிருந்து
வாட்ச்மேனுக்குப் போன் போட்டு
மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.

கோவளத்துக்கு நேரே, வெயில் சாயும் பொழுதில்
நங்கூரத்தை இறக்கியது நான்தான்.
நீச்சல் தெரியாது எனக்கு, கயிறு தெரியும்.
உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடி ஓடி
சட்டென்று தளர்ந்தது.
கரையில் மாதா கோயிலின் வெள்ளை,
சவுக்கு மரங்கள், அலைமேல் பலகையில் நிற்க முயன்று
விழுந்து விழுந்து எழும் பையன்கள்.
புளியோதரையைத் திறந்தோம்.
அப்பளம் ஒன்று காற்றில் எழும்பி
மகாபலிபுரம் பக்கமாகப் போயிற்று.

எவ்வளவு அழகு என்று
யாராவது சொல்லியிருக்க வேண்டும்.
நானும் குணசீலனும் பேசி ஐந்து நாள் ஆகிறது.
இந்தப் பாதிப் படகுக்கு
என்னைக் கேட்காமல் வாங்கிய கடன்.
இறக்கு, போதும், கட்டு.
மூழ்காமலிருக்கத் தேவையான சொற்கள் மட்டும்
எங்களிடம் மிச்சமிருந்தன.

பத்து மணி இருக்கும். முகத்தில் டார்ச்.
ஒரு ஃபைபர் படகு, பக்கவாட்டில் 'எல்லையம்மன் துணை'.
"யாருப்பா அது? வல மேல நங்கூரத்தப் போட்டுட்டு
சோறு துன்னுனுகிறீங்க?"

இழுத்தோம். நங்கூரத்தோடு வலை வந்தது,
வலையோடு இரண்டு நண்டும் ஒரு பெரிய கிழிசலும்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
அறுந்த கண்ணிகளை எண்ணினார்,
ஜாக்கெட் துணி அளப்பவரைப் போல, அவசரமில்லாமல்.
ஆயிரத்து எண்ணூறு என்றார்.
பேரம் பேசும் வாய் எனக்கு,
அன்றைக்கு ஏனோ எழவில்லை.
என் கைப்பையிலிருந்துதான் கொடுத்தேன்.
"இதையும் உங்க கடன்ல சேத்துக்கோங்க."
ஐந்து நாளில் நான் அவரிடம் சொன்ன
முதல் முழு வாக்கியம்.
சிரித்தது அவரில்லை, டார்ச்சுக்காரர்.

"அப்பால போய்ப் போடு. மணல் தர. அஞ்சு பாகம்."
பாகம்னா? என்றாள் நித்திலா.
அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.
வெளிச்சம் தண்ணீரில் ஒரு கோடு கிழித்து அணைந்தது.
குணசீலன் போனைப் பார்த்து ஒன்பது மீட்டர் என்றார்,
அவர் சொன்னது தப்பில்லை என்பதுபோல.

முறை வைத்து விழித்திருந்தோம்.
கரை விளக்குகள் இடமிருந்து வலம் போயின, திரும்பி வந்தன.
நாங்கள்தான் சுற்றினோம்.
என் முறை முடிந்தும் நான் எழவில்லை,
அவர் முறைக்கு வந்தவர் என்னைப் போகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது.
சமையலறைத் தரை இன்னும் ஆடுகிறது,
அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு பால் காய்ச்சுகிறேன்.
கைகளை விரித்துச் சுவரோடு ஒட்டி நகர்ந்து
ஹால் இரண்டு பாகமும் ஒரு முழமும் என்கிறாள் நித்திலா.
அந்த எலுமிச்சம்பழம் படகிலேயே தங்கிவிட்டது.
எந்தப் பாதியில் என்று தெரியவில்லை.